ஒழுகும் வீட்டை வாங்கும் முன்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலை செய்கிறார். பல வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் இருக்கிறது. ஊரில் இருந்த கொஞ்சம் நிலத்தை விற்ற பணமும் இருக்கிறது. மீதிக்கு வங்கிக் கடன். எல்லாவற்றையும் சேர்த்து லக்கரேயில் ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள். இருபதுக்கு முப்பது மனை. கீழே வீடு, மேலே மொட்டை மாடி.

வீடு பளிச்சென்று இருந்தது. புதுப் பெயிண்ட் வாசம் அடித்தது. மூன்று லட்ச ரூபாய் முன்பணம் கொடுத்தார்கள். கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பத்திரப் பதிவுக்கு இரண்டு மாதம் இருந்தது.

இடையில் ஒரு நாள் ராத்திரி நல்ல மழை. அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. காலையில் சாவியை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். படுக்கை அறைக் கூரையில் ஈரம் படர்ந்திருந்தது. அலமாரி வைக்கும் சுவரில் பெயிண்ட் உப்பி நின்றது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது.

தரகரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“அது ஒண்ணும் இல்லம்மா. பெங்களூர்ல ஓதம் இல்லாத வீடு எது? ரிஜிஸ்டர் முடியட்டும். ஓனரே ஆள் வெச்சு சரி பண்ணிக் குடுப்பாரு.”

“எப்போண்ணா பண்ணுவாரு?”

“அதான் சொன்னேனேம்மா. முடிஞ்சதும்.”

இந்த “முடிஞ்சதும்” என்ற வார்த்தையை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். பதிவு முடிந்தால் விற்றவர் கையில் முழுப் பணமும் வந்துவிடும். வாங்கியவர் கையில் சாவியும் ஒழுகலும் இருக்கும். பிறகு போன் செய்தால் “வரேன், வரேன்” என்பார். ஒரு மாதம் போனால் போனை எடுக்கவும் மாட்டார். எல்லா விற்பவரும் அப்படி இல்லை. ஆனால் அப்படிச் செய்கிறவரை வழிக்குக் கொண்டுவருவது கஷ்டம். வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் அலைய வேண்டும்.

பதிவுக்கு முன்னால் நிலைமை வேறு. மீதிப் பணம் வாங்குபவர் கையில் இருக்கிறது. விற்பவருக்கு அது வேண்டும். அந்த இரண்டு மாதத்தில்தான் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும்.

ஒப்பந்தம் வேறு, கிரயப் பத்திரம் வேறு

ஒப்பந்தம் போட்டதுமே வீடு நம்முடையது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1882ஆம் வருடத்தில் ஒரு சட்டம் வந்தது. சொத்து மாற்றுச் சட்டம் என்று அதற்குப் பெயர். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். இன்றும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் மட்டும் போட்டால் வீடு கைமாறிவிடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வாங்குகிறேன், விற்கிறேன் என்று இருவரும் கொடுக்கும் வாக்குதான் ஒப்பந்தம். சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவான பிறகுதான் வீடு கைமாறுகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தைத்தான் எல்லோரும் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் என்கிறார்கள்.

இதில் வாங்குபவருக்கு ஒரு நன்மை இருக்கிறது. பதிவாகும் வரை வீடு விற்பவருடையது. அதற்குள் காற்றில் மரம் விழுந்து சுவர் இடிந்தால் அது விற்பவரின் நஷ்டம். ஒப்பந்தம் போட்ட நாள் முதல் வீட்டை ஒப்படைக்கும் நாள் வரை அவர் வீட்டைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதையும் அந்தச் சட்டத்தின் 55ஆவது பிரிவு சொல்கிறது.

அதே பிரிவில் இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது. வீட்டில் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்ட குறையை விற்பவர் தாமே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அது மோசடி என்று சட்டம் சொல்கிறது.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் குறைக்கு இது பொருந்தாது. முன்வாசல் சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல் இருக்கிறது. அதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, பிறகு “சொல்லவில்லையே” என்று கேட்க முடியாது. பார்ப்பது வாங்குபவரின் வேலை. ஒளிந்திருப்பதைச் சொல்வது விற்பவரின் வேலை. வேலை இப்படி இரண்டாகப் பிரிந்திருக்கிறது.

எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

வங்கிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டார்களே, போதாதா என்று சிலர் கேட்பார்கள். வங்கி அனுப்பும் ஆள் வீட்டின் விலையைத்தான் முக்கியமாகப் பார்ப்பார். கொடுக்கும் கடனுக்கு வீடு ஈடாகுமா என்பது அவர் கவலை. குழாய் ஒழுகுகிறதா என்று அவர் பார்க்க மாட்டார்.

அதனால் நம்பிக்கையான மேஸ்திரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் கூலி கொடுத்தாலும் பரவாயில்லை. தரகர் கூட்டிவரும் மேஸ்திரி வேண்டாம். வீடு விற்றால்தான் தரகருக்குக் கமிஷன். அவர் கூட்டிவரும் ஆளும் அவர் பக்கம்தான் பேசுவார்.

முதலில் மொட்டை மாடி. பெங்களூரில் மே மாதத்திலேயே மழை ஆரம்பித்துவிடும். அக்டோபர் வரைக்கும் பெய்யும். அதனால் மழை பெய்த மறுநாள் வீட்டைப் பார்ப்பது நல்லது. மழை இல்லாத மாதமானால் விற்பவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு சோதனை செய்யலாம். கான்கிரீட் தளத்தில் தண்ணீர் வெளியேறும் ஓட்டையைத் துணியால் அடைக்க வேண்டும். ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுவதும் விட வேண்டும். பிறகு கீழே போய்க் கூரையைப் பார்க்க வேண்டும். ஒழுகல் இருந்தால் ஈரம் தெரிந்துவிடும். கூரையில் துருக் கறையோ, காரை பெயர்ந்து கம்பி தெரிவதோ இருந்தால் அது இன்னும் பெரிய விஷயம். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்புகிறது என்று அர்த்தம். அதற்கு மேஸ்திரி போதாது, இன்ஜினியர் வந்து பார்க்க வேண்டும்.

வீடு முழுவதும் பழைய பெயிண்ட் இருக்கிறது, ஒரே ஒரு சுவர் மட்டும் புதிதாக இருக்கிறது. அந்தச் சுவரில்தான் ஏதோ இருக்கிறது. அங்கே கையை வைத்துப் பாருங்கள். தட்டிப் பாருங்கள். பூச்சு சுவரை விட்டு விலகியிருந்தால் டொக் டொக் என்று சத்தம் வரும்.

எல்லா விரிசலும் ஆபத்தானதல்ல. மேல்பூச்சில் தலைமுடி போல ஓடும் விரிசல் எந்த வீட்டிலும் இருக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், சுவரின் இரண்டு பக்கமும் தெரியும் விரிசல், இவைதான் கவலை தருபவை. அது பழைய விரிசலா, இன்னும் வளர்கிறதா என்று தெரிய வேண்டும். குறுக்கே ஒரு காகிதத் துண்டை இறுக்கமாக ஒட்டி, அதில் தேதி எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். காகிதம் கிழிந்திருந்தால் விரிசல் வளர்கிறது. பதிவுக்கு இரண்டு மாதம் இருப்பதால் இதற்கு நேரம் இருக்கிறது.

அடுத்தது சம்ப். தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைத்தான் பெங்களூரில் சம்ப் என்கிறோம். காவிரித் தண்ணீர் தினமும் வருவதில்லை. வரும் நாளில் சம்பில் பிடித்து மோட்டார் போட்டு மேலே ஏற்ற வேண்டும். அதனால் சம்ப் உடைந்தால் வீட்டில் பிழைப்பே நடக்காது. சின்ன மனைகளில் வீட்டுக்கு முன்னால் சம்ப் இருக்கும், அதற்குப் பக்கத்திலேயே சாக்கடைத் தொட்டியும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சம்பில் விரிசல் விட்டால் தண்ணீர் வெளியே போவது மட்டும் அல்ல. அழுக்குத் தண்ணீர் உள்ளேயும் வரும். குழந்தைகளுக்கு வாந்திபேதி வருவது இப்படித்தான். சோதிப்பது சுலபம். ராத்திரி சம்பை நிரப்பி, தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். மோட்டார் போடாமல், குழாய் நீரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் சம்ப் ஒழுகுகிறது.

போர்வெல் இருந்தால் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் காற்று அடித்தாலோ சேறு வந்தாலோ அந்தப் போர்வெல்லுக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. 2024 கோடையில் பெங்களூரில் ஆயிரக்கணக்கான போர்வெல்கள் வற்றிப்போயின. “போர்வெல் இருக்கு” என்று சொன்னால் போதாது. தண்ணீர் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

கக்கூஸில் நாலைந்து வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றிப் பாருங்கள். எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்து பாருங்கள். கதவு நிலையில் கறையான் மண்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் நல்லது.

அக்கம்பக்கத்தில் பேசாமல் வரக் கூடாது. மேஸ்திரிக்குத் தெரியாதது எதிர்வீட்டு அம்மாவுக்குத் தெரியும். “மழை வந்தா இந்த வீட்டுக்குள்ள தண்ணி வருமா அக்கா?” என்று கேட்டால் சொல்லிவிடுவார். 2022 செப்டம்பரில் மகாதேவபுரா பக்கமும் வெளிவட்டச் சாலைப் பக்கமும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. படகிலும் டிராக்டரிலும் ஜனங்களை வெளியே கொண்டுவந்தார்கள். பெரிய பங்களாக்களும் மூழ்கின. வெயில் காலத்தில் அந்த வீட்டைப் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஏரிக்கு ஏரி மழைநீரைக் கொண்டுபோகும் பெரிய கால்வாய்களைப் பெங்களூரில் ராஜகாலுவெ என்கிறார்கள். வீடு அதன் கரையில் இருந்தால், அல்லது அதை மறித்துக் கட்டியிருந்தால், அது எந்த மேஸ்திரியும் சரிசெய்ய முடியாத பழுது. விலை குறைவு என்று ஆசைப்படக் கூடாது. விட்டுவிட வேண்டியதுதான்.

எழுதிக் கேட்க வேண்டும்

பழுதைப் பார்த்தாயிற்று. இனி விற்பவரிடம் கேட்க வேண்டும். டீக்கடையில் வைத்து வாயால் கேட்டால், வாயாலேயே “ஆகட்டும்” என்பார். நாளைக்கு “நான் எங்கே சொன்னேன்?” என்றால் சாட்சி இல்லை. எழுதிக் கொடுக்க வேண்டும். அழகாக எழுத வேண்டும் என்பதில்லை. இப்படி எழுதினால் போதும்:

“ஐயா, தங்கள் வீட்டை வாங்க ஒப்பந்தம் செய்திருக்கிறோம். இன்று மேஸ்திரியுடன் வீட்டைப் பார்த்தோம். படுக்கை அறைக் கூரை ஒழுகுகிறது. அலமாரிச் சுவரில் ஓதம் இருக்கிறது. சம்பில் ஓர் இரவில் ஒரு சாண் தண்ணீர் குறைகிறது. பத்திரப் பதிவுக்குப் பத்து நாள் முன்னதாக இவற்றைச் சரிசெய்து தர வேண்டும். அல்லது இதற்கு ஆகும் செலவை விலையில் குறைத்துக்கொள்ள வேண்டும். எது தங்களுக்குச் சம்மதம் என்று ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டுகிறோம். மேஸ்திரி எழுதிக் கொடுத்த செலவுக் கணக்கும் படங்களும் இத்துடன் இருக்கின்றன.”

கீழே தேதி போட்டு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் நகலில் “பெற்றுக்கொண்டேன்” என்று அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். கொடுக்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தேதியும் நேரமும் அதில் பதிவாகிவிடும்.

கேட்பதிலும் ஒரு அளவு வேண்டும். ஒப்பந்தம் போட்டுவிட்டு, கதவுத் தாழ்ப்பாள் முதல் சுவர் ஆணி வரை நாற்பது குறை எழுதிக்கொண்டு வருபவர்களும் உண்டு. விலையை அடித்துக் குறைக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். விற்பவருக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். மகள் கல்யாணமோ, ஆஸ்பத்திரிச் செலவோ இருக்கும். பழைய வீடு பழைய வீடாகத்தான் இருக்கும். மழை, தண்ணீர், மின்சாரம், சுவரின் பலம் ஆகியவற்றில் இருக்கும் குறையைக் கேட்பது நியாயம். பெயிண்ட் நிறம் பிடிக்கவில்லை என்பது நியாயம் இல்லை.

விற்பவருக்கும் எழுத்துதான் பாதுகாப்பு. “இந்தச் சுவரில் ஓதம் உண்டு” என்று அவரே முன்னால் எழுதிக் கொடுத்து, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டால், பிறகு யாரும் அவரை மோசடிக்காரர் என்று சொல்ல முடியாது.

அவரே செய்வதா, பணத்தைக் குறைப்பதா

இந்த இடத்தில் பலர் தவறு செய்கிறார்கள். “நீங்களே சரி பண்ணிக் குடுங்க” என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டை விட்டுப் போகிறவர் நல்ல வேலை செய்வாரா? குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பார். மேலே ஒரு பூச்சு, அதற்கு மேல் பெயிண்ட். அடுத்த மழையில் பழைய கதைதான். கூரை ஒழுகல், சம்ப் விரிசல், குழாய் வேலை போன்றவற்றுக்குச் செலவைக் கணக்குப் பார்த்து விலையில் குறைத்துக்கொள்வதே மேல். பிறகு வாங்கியவரே தமக்குத் தெரிந்த மேஸ்திரியை வைத்துக் கண் எதிரே வேலை வாங்கலாம்.

ஆனால் சில வேலைகளை விற்பவர்தான் முடிக்க வேண்டும். அவற்றுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பதிவு செய்யக் கூடாது. மின்சார பாக்கி, தண்ணீர் வாரிய பாக்கி, சொத்து வரி பாக்கி எல்லாம் அப்படித்தான். விற்கும் நாள் வரை உள்ள வரி பாக்கி விற்பவருடையது. குடியிருக்கும் வாடகைக்காரரை, லீஸுக்கு இருப்பவரைக் கணக்கு முடித்துக் காலி செய்து கொடுப்பதும் அவர் வேலை. பக்கத்து வீட்டுக் குழாய் உடைந்து நம் சுவர் ஊறினால், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச வேண்டியவரும் அவர்தான். பல வருடம் பழகியவர் பேசினால் வேலை நடக்கும். புதிதாக வருபவர் முதல் நாளே சண்டையோடு ஆரம்பிக்க வேண்டி வரும்.

விலை குறைந்தால் அதை எழுத வேண்டும். முதல் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து துணை ஒப்பந்தம் ஒன்று போட்டுப் புதிய விலையை எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வங்கிக் கடன் வாங்குபவர்கள் வங்கிக்கும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கடைசி நேரத்தில் காகிதம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. கிரயப் பத்திரத்தில் உண்மையான விலையைத்தான் எழுத வேண்டும். பழுதைச் சாக்காக வைத்து விலையை மிகவும் குறைத்து எழுதலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கக் கூடாது. அரசாங்கம் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வழிகாட்டி மதிப்பு வைத்திருக்கிறது. அதற்குக் குறைவாக எழுதினாலும் முத்திரைக் கட்டணம் அந்த மதிப்புக்குத்தான் கட்ட வேண்டும்.

படிக்கத் தெரியாத மொழியில் ஒப்பந்தம்

பெங்களூரில் வீட்டுக் காகிதங்கள் கன்னடத்தில் இருக்கும், அல்லது இங்கிலீஷில் இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய சிக்கல். “வழக்கமா இருக்கறதுதான், கையெழுத்துப் போடுங்க” என்பார்கள். வழக்கமாக இருக்கும் வரிகளில் ஒன்று இது: “வாங்குபவர் வீட்டை நேரில் பார்த்துத் திருப்தி அடைந்தார். இருக்கும் நிலையிலேயே வாங்கச் சம்மதிக்கிறார்.” இந்த ஒரு வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு ஒழுகலைப் பற்றிக் கேட்கும்போது விற்பவர் அந்த வரியைத்தான் காட்டுவார்.

இன்னொரு வரி முன்பணத்தைப் பற்றியது. வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் போய்விடும் என்று இருக்கும். பெரிய பழுது தெரிந்தால் என்ன செய்வது என்று அதில் இருக்காது. அதனால் முன்பணம் கொடுக்கும் முன்பே இரண்டு வரி சேர்க்கச் சொல்ல வேண்டும். மேஸ்திரியோ இன்ஜினியரோ பார்க்க இத்தனை நாள் அவகாசம் வேண்டும் என்பது ஒரு வரி. பெரிய பழுது இருந்து விற்பவர் சரிசெய்ய மறுத்தால், முன்பணத்தை இத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்பது இன்னொரு வரி. மோட்டார், ஃபேன், கீசர், இரும்புக் கேட் இவற்றில் எது வீட்டோடு வரும் என்பதையும் எழுதிவிடலாம். மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு.

அமெரிக்காவில் இது வழக்கமாகவே இருக்கிறது. ஒப்பந்தம் ஆனதும் வாங்குபவர் வீட்டைச் சோதிக்கத் தனியாக ஒரு ஆளை வைப்பார். அதற்கென்று சில நாள் அவகாசம் ஒப்பந்தத்திலேயே இருக்கும். அவர் கொடுக்கும் பட்டியலை வைத்துப் பேசுவார்கள். விற்பவர் சரிசெய்வார், அல்லது பணம் குறைப்பார், அல்லது முடியாது என்பார். முடிக்கும் முன் வாங்குபவர் கடைசியாக ஒரு முறை வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். நம் ஊரில் இந்த வழக்கம் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் நம் ஊரிலும் இதையே செய்யலாம், சட்டம் தடுக்கவில்லை.

காகிதத்தை யார் படித்துச் சொல்வது? வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்லச் சொல்லலாம். வக்கீலிடம் காட்டுவது இன்னும் நல்லது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? 1987ஆம் வருடச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இந்த உதவி கிடைக்கும். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அப்படியே. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள்.

புதிய அடுக்குமாடி வீடு வாங்கினால்

பில்டரிடம் புதிய வீடு வாங்குபவர்களுக்கு வேறு சட்டம் இருக்கிறது. 2016ஆம் வருடம் வந்த சட்டம். ரெரா என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் பில்டர் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானத்திலோ வேலையின் தரத்திலோ குறை தெரிந்தால் எழுதிக் கொடுக்கலாம். பில்டர் முப்பது நாளுக்குள் கூடுதல் பணம் வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் கர்நாடக ரெரா ஆணையத்தில் புகார் செய்யலாம். ஆனால் பழைய வீட்டை அதன் சொந்தக்காரரிடமிருந்து வாங்கினால் இந்தச் சட்டம் உதவாது. மிகச் சிறிய கட்டடங்களுக்கும் ரெராவில் பதிவு கட்டாயம் இல்லை. அடுக்குமாடியில் கடைசி மாடி வீடு வாங்குபவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். மேல்தளம் எல்லோருக்கும் பொது. ஒழுகினால் சங்கம்தான் சரிசெய்ய வேண்டும். சங்கம் நடக்கிறதா, பணம் வைத்திருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

லக்கரே வீடு

அந்தக் குடும்பத்துக்குத் திரும்புவோம். மேஸ்திரி வந்து பார்த்தார். கூரைக்கு அறுபதாயிரம் ரூபாய் ஆகும் என்றார். அலமாரிச் சுவர் ஊறுவது பக்கத்து வீட்டுக் குளியல் அறையால் என்றார். சம்பில் கோடு போட்டுப் பார்த்தார்கள். காலையில் ஒரு சாண் இறங்கியிருந்தது.

விற்பவருக்குக் கோபம் வந்தது. “வீட்டைப் பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க? திருப்தின்னு அதுலயே எழுதியிருக்குதே!” என்றார். அந்த வரி இங்கிலீஷில் இருந்தது. அப்போது யாரும் படித்துச் சொல்லவில்லை.

ஆனால் எதிர்வீட்டு அம்மா ஒன்று சொல்லியிருந்தார். போன வருடம்தான் அந்தச் சம்பைக் கொத்திப் பூசினார்களாம். அப்படியானால் அது ஒழுகும் சம்ப் என்று விற்பவருக்கு முன்பே தெரியும். பெயிண்ட் அடித்த சுவரைப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியலாம். தண்ணீருக்கு அடியில் இருக்கும் விரிசல் தெரியாது. சட்ட உதவி மையத்து வக்கீல் இதைத்தான் கடிதத்தில் எழுதினார். மிரட்டி எழுதவில்லை. 55ஆவது பிரிவைச் சொல்லி, பேசித் தீர்க்கலாம் என்று எழுதினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து பேசினார்கள்.

“ஐயா, உங்களை ஏமாத்துக்காரர்னு நாங்க சொல்லல. இது எங்க ஆயுசு சம்பாத்தியம். மழைக்கு ஒதுங்கத்தானே வீடு வாங்கறோம்” என்றார் அந்த அம்மா.

விற்பவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இறங்கி வந்தார். கூரைக்கும் சம்புக்கும் சேர்த்து எண்பதாயிரம் ரூபாய் விலையில் குறைந்தது. அவர்கள் கேட்டது ஒரு லட்சம். பக்கத்து வீட்டுக் குழாயை விற்பவர் தம் செலவில் சரிசெய்து கொடுத்தார். மின்சார பாக்கியைக் கட்டி ரசீது கொடுத்தார். இரும்புக் கேட்டை மட்டும் தர மாட்டேன் என்றார். அது அவர் அப்பா செய்து வைத்ததாம். சரி என்று விட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் துணை ஒப்பந்தத்தில் எழுதினார்கள். இந்த முறை வக்கீல் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள்.

பதிவு நாள் வந்தது. பதினொரு மணிக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். எட்டு மணிக்கே ஆட்டோ லக்கரே வீட்டு வாசலில் வந்து நின்றது. தரகர் “எதுக்கும்மா இப்போ?” என்று கேட்டார். அந்த அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போனார். அலமாரிச் சுவரில் கை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. மோட்டாரைப் போட்டுப் பார்த்தார். எல்லாக் குழாய்களையும் திறந்து மூடினார். மின்சார மீட்டரில் இருந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். பிறகு வெளியே வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.